ஏ.பி.ஏ., ஹார்வர்டு, ஏ.எஸ்.ஏ.: ஒன்றுபோல் தெரியும் மேற்கோள் முறைகளில் எதைத் தேர்வது?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் முதுகலைச் சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நீங்கள், திருநெல்வேலி மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறீர்கள். நெறியாளர் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) போதும் என்கிறார், துறையின் பழைய சுற்றறிக்கை ஹார்வர்டு முறை என்கிறது, சமூகவியல் என்றால் ஏ.எஸ்.ஏ.தான் என்று மூத்த மாணவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் வேறுபாடு பிடிபடவில்லை என்றும், எழுதி முடித்த இரண்டு இயல்களிலும் எல்லாம் கலந்து கிடக்கின்றன என்றும், சமர்ப்பிக்க ஆறு வாரமே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தமிழ் நூல்களை எப்படிக் குறிப்பது, இனிஷியல் வைத்த பெயர்களை எப்படிப் பட்டியலிடுவது, உங்கள் பெயரையே எப்படி எழுதுவது என்ற கேள்விகளும் கூடவே வந்திருக்கின்றன.

விடையை முதலிலேயே சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு விதிமுறை வேறொன்றைக் கட்டாயமாக்கியிருந்தாலொழிய, ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் சான்றுகள் எத்தகையவை, கையில் எவ்வளவு காலம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க ஒரு விதிநூல் இருக்கிறதா ஆகிய மூன்றையும் எடைபோட்டே இதைச் சொல்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகளைப் பெற்றுச் சரிபார்க்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்தக் கடைசிக் காரணத்துக்கே அதிக எடை கொடுப்பேன்.

மூன்றும் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம், மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வரிக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கொடுத்துவிட்டு, முழு விவரத்தை ஆய்வேட்டின் இறுதியில் அகரவரிசையில் தருவதே இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் வெளியிட்ட, ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை வளர்ச்சி பற்றிய கட்டுரையில் இந்த வழக்கத்தின் தொடக்கத்தைக் காண்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 1929இல் தன் ஆய்விதழ் ஒன்றில் ஏழு பக்கத்தில் வெளியிட்ட எழுத்து நெறிகள்தாம் இன்றைய ஏ.பி.ஏ. விதிநூலாக வளர்ந்தன, அதன் ஏழாம் பதிப்பு 2019 அக்டோபரில் வந்தது. ஏ.எஸ்.ஏ. என்பது அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் முறை. சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 1906 முதல் வெளியிட்டுவரும் விதிநூல் அடிக்குறிப்பு முறை, ஆசிரியர்-ஆண்டு முறை என இரண்டு வழிகளைத் தருகிறது. அதில் இரண்டாவது வழியும் இந்தக் குடும்பத்தில் சேரும். ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் மட்டும் அடைப்புக்குறிக்குள் தரும் எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) முறை இலக்கிய மாணவர்களுக்கு உரியது. அதை நீங்கள் இப்போது எண்ண வேண்டியதில்லை.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை ஒரே நூலை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். எஸ். ஆர். ரங்கநாதன் எழுதி, சென்னை நூலகச் சங்கம் (மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன்) 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் நூலின் 45ஆம் பக்கத்தை நீங்கள் மேற்கோள் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் வர வேண்டியதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நிறுத்தக்குறிகளை மட்டும் கவனியுங்கள். வரிக்கு நடுவே வருவது இப்படி இருக்கும்:

ஏ.பி.ஏ.: (ரங்கநாதன், 1931, பி. 45)
சிகாகோ ஆசிரியர்-ஆண்டு முறை: (ரங்கநாதன் 1931, 45)
ஏ.எஸ்.ஏ.: (ரங்கநாதன் 1931:45)

இறுதிப் பட்டியலில் வருவது இப்படி இருக்கும்:

ஏ.பி.ஏ.: ரங்கநாதன், எஸ். ஆர். (1931). தி ஃபைவ் லாஸ் ஆஃப் லைப்ரரி சயின்ஸ். மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன்.
ஏ.எஸ்.ஏ.: ரங்கநாதன், எஸ். ஆர். 1931. தி ஃபைவ் லாஸ் ஆஃப் லைப்ரரி சயின்ஸ். மெட்ராஸ்: மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன்.

ஏ.பி.ஏ.வில் பெயருக்குப் பின் காற்புள்ளி வருகிறது, ஆண்டு அடைப்புக்குறிக்குள் நிற்கிறது, பதிப்பகத்தின் ஊர் இல்லை. ஆறாம் பதிப்பு வரை ஊர்ப்பெயர் இருந்தது, ஏழாம் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். ஏ.எஸ்.ஏ.வில் ஆண்டும் பக்கமும் நடுவில் இடைவெளியே இல்லாமல் முக்காற்புள்ளியால் ஒட்டி நிற்கின்றன, ஊர்ப்பெயரும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேறுபாடும் உண்டு. ஏ.பி.ஏ. பட்டியலில் நூல் தலைப்பின் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும், ஏ.எஸ்.ஏ.விலும் சிகாகோவிலும் முக்கியமான சொற்கள் எல்லாமே பெரிய எழுத்தில் தொடங்கும். ஏ.பி.ஏ. ஆசிரியரின் சொந்தப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிவிடும், ஏ.எஸ்.ஏ. நூலில் அச்சிட்டிருப்பதுபோல் முழுதாகக் கேட்கும். இரண்டு ஆசிரியர்கள் என்றால் ஏ.பி.ஏ. அடைப்புக்குறிக்குள்ளும் பட்டியலிலும் '&' குறியை இடும்; மற்ற இரண்டும் 'அண்ட்' என்று எழுதும். உங்கள் இரண்டு இயல்களிலும் கலந்து கிடப்பவை பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்.

ஹார்வர்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கல்லூரிச் சுற்றறிக்கைகளில் மிக அதிகமாக வரும் பெயரும், மிக அதிகமாகக் குழப்பும் பெயரும் அதுவே. ஏ.பி.ஏ.வுக்கு ஒரு சங்கமும் ஒரு விதிநூலும் இருப்பதுபோல ஹார்வர்டு முறைக்கு எதுவும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் அப்படி ஒரு விதிநூலை வெளியிடவும் இல்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஹார்வர்டு வழிகாட்டியை வைத்திருக்கின்றன. ஒன்றில் ஆண்டுக்கு முன் காற்புள்ளி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் ஊர்ப்பெயர் வேண்டும், இன்னொன்றில் வேண்டாம். ஆகவே ஹார்வர்டு என்று மட்டும் சொல்லும் சுற்றறிக்கை, ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும் முறையில் எழுதுங்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. புறத்தேர்வாளர் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டால், இந்த நூலின் இந்தப் பகுதியில் இப்படிச் சொல்லியிருக்கிறது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. துறைத்தலைவர் சுற்றறிக்கையை விடாமல் பிடித்தால், எந்தப் பல்கலைக்கழகத்தின் ஹார்வர்டு வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டும் என்று பணிவாக, எழுத்து மூலமாகக் கேளுங்கள். குறிப்பான விடை கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை. அப்படி விடை கிடைக்காவிட்டால், ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பும் ஆசிரியர்-ஆண்டு முறையே என்பதால் அதைப் பின்பற்ற அனுமதி வேண்டும் என்று நெறியாளரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.எஸ்.ஏ.வின் நிலை வேறு. அதற்கு விதிநூல் உண்டு, உங்கள் துறைக்கே உரியதும் அதுதான். பக்க எண்ணை ஆண்டோடு ஒட்டிச் சுருக்கமாகக் காட்டுவது, நூல்களிலிருந்து அடிக்கடி நேர்மேற்கோள் எடுப்பவர்களுக்கு வசதியானது. கையில் இன்னும் ஓர் ஆண்டு இருந்து, உங்கள் துறையில் எல்லோரும் அதையே பின்பற்றுகிறார்கள் என்றால் மூத்த மாணவர் சொன்னதை நானும் ஆமோதித்திருப்பேன். ஆனால் உங்கள் நெறியாளர் ஏற்கெனவே ஏ.பி.ஏ. என்று சொல்லியிருக்கிறார், அவர்தான் ஒவ்வொரு பக்கத்தையும் திருத்தப் போகிறவர். மாணவர்களின் கட்டுரைக்கென்று தனியாக ஒரு வடிவத்தை ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு வகுத்திருக்கிறது. சங்கத்தின் இணையதளத்தில் மாதிரிக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் நடத்தும் எழுத்துப் பயிற்சித் தளத்திலும் ஒவ்வொரு வகைச் சான்றுக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையை எப்படிக் குறிப்பது என்ற சந்தேகம் வந்தால், விலை கொடுத்து நூல் வாங்காமல் அங்கேயே விடை தேடிக்கொள்ளலாம். பின்னாளில் கட்டுரையை ஏதேனும் ஆய்விதழுக்கு அனுப்பினால் அந்த இதழின் முறைக்கு மாற்றத்தான் வேண்டியிருக்கும், அதை இப்போதே எண்ணி முறையைத் தேர்வது வீண்வேலை.

இனி உங்கள் சான்றுகள். நீங்கள் குறிப்பிட்டிருப்பவை நேர்காணல்கள், அரசாணைகள், சட்டம், கணக்கெடுப்பு அட்டவணைகள், நாளிதழ்ச் செய்திகள், தமிழ் நூல்கள், ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகள். இவற்றில் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் நேர்காணல்தான். வேறொருவர் எடுத்து வெளியிட்ட நேர்காணலுக்கு வழக்கமான பட்டியல் பதிவு உண்டு. தனிப்பட்ட கடிதம், தொலைபேசி உரையாடல் போன்று மற்றவர்கள் தேடி எடுக்க முடியாதவற்றை ஏ.பி.ஏ. தனிப்பட்ட தகவல் தொடர்பு என்று வரிக்கு நடுவே மட்டும் குறிக்கச் சொல்லும், அவை இறுதிப் பட்டியலில் சேரா. ஆனால் உங்கள் ஆய்வுக்காக நீங்களே பீடி சுற்றும் பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள் இந்த இரண்டிலும் அடங்காது. அவை உங்கள் தரவு. அவர்கள் சொன்னதை மேற்கோளாகத் தரும்போது ஆசிரியர்-ஆண்டு குறிப்பு எதுவும் தேவையில்லை. புனைபெயரையும், வயது, வேலைபார்த்த ஆண்டுகள் போன்ற தேவையான விவரத்தையும் சொன்னால் போதும். நேர்காணல் நடந்த காலத்தையும் புனைபெயர் வைத்த முறையையும் ஆய்வு முறையியல் இயலில் எழுதிவிடுங்கள். அந்தப் பெண்களின் உண்மைப் பெயர்களைத் துணைநூற்பட்டியலில் நேர்காணல் என்ற தலைப்பில் வரிசையாக அச்சிட்ட ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். முதலாளியிடமோ இடைத்தரகரிடமோ அடுத்த நாளும் இலை வாங்கப் போக வேண்டிய ஒருவருக்கு அது செய்யும் தீங்கை எண்ணிப் பார்த்தால், மேற்கோள் முறை எந்த அளவு பொறுப்புள்ள வேலை என்பது புரியும்.

மொழிபெயர்ப்புக்கும் ஒரு விதி இருக்கிறது. தமிழில் அச்சான நூலிலிருந்து ஒரு பத்தியை நீங்களே ஆங்கிலத்தில் பெயர்த்தால், ஏ.பி.ஏ. அதை நேர்மேற்கோளாக ஏற்பதில்லை. கருத்தை உங்கள் சொல்லில் தருவதாகவே கொள்ளும், எனவே மேற்கோள்குறி இடக்கூடாது. எம்.எல்.ஏ., சிகாகோ முறைகளில் மேற்கோள்குறி இட்டு, மொழிபெயர்ப்பு என்னுடையது என்று அடைப்புக்குறிக்குள் சொல்ல இடமுண்டு. தமிழ்ப் பாடல்களையோ பழைய இலக்கியப் பகுதிகளையோ பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டும் ஆய்வு என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே ஏ.பி.ஏ. வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். உங்கள் ஆய்வில் தமிழ் நூல்கள் பின்னணித் தகவலுக்கு மட்டுமே பயன்படுவதால் இது தடையாகாது. நேர்காணல்களைப் பொறுத்தவரை, எல்லாம் தமிழில் நடந்தவை, ஆங்கிலப் பெயர்ப்பு உங்களுடையது என்று முறையியல் இயலில் ஒரே இடத்தில் சொல்லிவிட்டால் போதும்.

சட்டத்தைக் குறிக்கும்போது அமெரிக்க எடுத்துக்காட்டை அப்படியே பின்பற்றாதீர்கள். ஏ.பி.ஏ.வின் சட்ட மேற்கோள்கள் அமெரிக்க வழக்கறிஞர்களின் வழக்கத்தை ஒட்டியவை. நம் சட்டத்துக்கு அதன் பெயர், ஆண்டு, சட்ட எண் ஆகியவையே அடையாளம். பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம், 1966, சட்ட எண் 32 என்பதை ஆங்கிலத்தில் எழுதி, எந்தப் பிரிவு என்பதை வரிக்கு நடுவே சொல்லுங்கள். அரசாணைக்குத் துறையின் பெயரை ஆசிரியர் இடத்தில் வைத்து, ஆண்டு, பொருள், அரசாணை எண், நாள் என்று கொடுக்கலாம். கணக்கெடுப்பு அட்டவணைக்கு இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் கணக்கெடுப்பு ஆணையர் அலுவலகமே ஆசிரியர். அட்டவணையின் எண்ணையும் தலைப்பையும் விடாமல் எழுதுங்கள், ஏனென்றால் 2011 கணக்கெடுப்பு என்று மட்டும் எழுதினால் எந்த அட்டவணை என்று யாராலும் தேடி எடுக்க முடியாது.

தமிழ் நூல்களின் தலைப்பை ஏ.பி.ஏ. முறையில் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதையடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கிலப் பொருளைத் தர வேண்டும். ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையைப் பின்பற்றினால் கேள்விக்கு இடமிருக்காது. அதில் ழகரம் 'எல்' எழுத்தின் அடியில் ஒரு கோட்டோடும், ளகரம் அதே எழுத்தின் அடியில் ஒரு புள்ளியோடும் வரும். இந்தக் குறிகளைத் தட்டச்சு செய்ய முடியாவிட்டால், நாளிதழ்களில் எழுதுவதுபோல 'இசட்ஹெச்' இட்டு எழுதுவதிலும் தவறில்லை, ஆனால் முதல் பதிவில் எப்படி எழுதினீர்களோ கடைசிப் பதிவு வரை அப்படியே எழுத வேண்டும். ஒரே சொல் பட்டியலில் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் இருந்தால், அகரவரிசையே குலைந்துவிடும். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் நூல்களுக்குத் தனிப்பட்டியல் வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கலந்து வையுங்கள்.

பெயர்களைப் பற்றிய உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது. இந்த விதிநூல்கள் எல்லாம் குடும்பப்பெயர் கடைசியில் வரும் சமூகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. முன்னால் வரும் எழுத்து தந்தையின் பெயரையோ ஊரையோ குறிக்கும், கடைசியில் வருவதே ஒருவரின் சொந்தப் பெயர். எஸ். ஆர். ரங்கநாதனில் 'எஸ்' சீர்காழியையும் 'ஆர்' தந்தை ராமாமிர்தத்தையும் குறிக்கின்றன. நல்லவேளையாக, இந்த வழக்கம் ஏ.பி.ஏ.வின் வடிவத்தில் தானாகவே சரியாகப் பொருந்திவிடுகிறது: சொந்தப் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு எழுத்துகள். நம் நூலகப் பட்டியல்களிலும் இதே முறைதான். வட இந்திய ஆசிரியர்களின் உண்மையான குடும்பப்பெயர்களும் நம்மவர்களின் சொந்தப் பெயர்களும் ஒரே வரிசையில் கலந்து வருவதில் பிழை ஏதும் இல்லை, அவரவர் எந்தப் பெயரால் அறியப்படுகிறாரோ அந்தப் பெயரில் வருகிறார்.

சிக்கல் வருவது, நம் ஊர் ஆய்விதழ்களில் எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடும்போது. செல்வி கே. என்று அச்சாகியிருக்கும் ஒருவரின் கட்டுரை விவரத்தைக் கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்திலிருந்து அப்படியே எடுத்தால், கடைசியில் நிற்பதே குடும்பப்பெயர் என்று கணினி எண்ணிக்கொண்டு 'கே, எஸ்.' என்று பதிவைத் தரும். அந்த ஆசிரியரின் பெயரே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். வரிக்கு நடுவே (கே, 2018) என்று வந்து நிற்கும். இரண்டு சொல்லாக எழுதும் ஒரே பெயரிலும் இதே விபத்து நடக்கும்: முத்து லட்சுமி என்பவர் 'லட்சுமி, எம்.' ஆகிவிடுவார். இத்தகைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. சோடெரோ போன்ற, மேற்கோள் விவரங்களைத் தொகுத்துப் பட்டியலாக்கித் தரும் மென்பொருளில் பதியும்போது, சொந்தப் பெயர் முழுவதையும், இரண்டு சொல்லானாலும், கடைசிப் பெயருக்கான கட்டத்திலும், எழுத்துகளை முதல் பெயருக்கான கட்டத்திலும் இடுங்கள். எழுத்தே இல்லாமல் ஒற்றைப் பெயரில் எழுதுபவரை அந்த ஒற்றைப் பெயரிலேயே விட்டுவிடுங்கள். அழகுக்காக எழுத்து சேர்க்க வேண்டாம். ஒரே பெயருடைய இரு வேறு ஆசிரியர்கள் வந்தால் வரிக்கு நடுவிலும் எழுத்துகளைச் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்று ஏ.பி.ஏ. சொல்கிறது. முருகன்களும் லட்சுமிகளும் நிறைந்த நம் துணைநூற்பட்டியல்களுக்கு மிகவும் தேவையான விதி அது.

பக்க அமைப்பில் மட்டும் ஏ.பி.ஏ.வை முழுவதுமாகப் பின்பற்ற வேண்டாம். அதன் மாணவர் வடிவம் நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், இரட்டை வரி இடைவெளி, மேலே வலப்பக்கம் பக்க எண், தலைப்புப் பக்கத்தில் கட்டுரைத் தலைப்பு, பெயர், துறை, பாடம், ஆசிரியர், நாள் என்று கேட்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடச் சொல்வது வழக்கம். சான்றிதழ்ப் பக்கம், உறுதிமொழிப் பக்கம் ஆகியவற்றின் வாசகத்தையும் அவையே கொடுத்துவிடும். ஆய்வேடு என்றால் நிறுவனத்தின் விதிக்கே முதலிடம் என்று ஏ.பி.ஏ.வும் ஒப்புக்கொள்கிறது. எனவே அட்டை, ஓரம், எழுத்தளவு, இயல் எண்கள் ஆகியவற்றைப் பல்கலைக்கழக விதிமுறையிலிருந்தும், மேற்கோள், பட்டியல், அட்டவணைத் தலைப்பு ஆகியவற்றை ஏ.பி.ஏ.விலிருந்தும் எடுங்கள். நெறியாளரின் கருத்து இரண்டிலிருந்தும் வேறுபட்டால் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இறுதிப் பட்டியலின் தலைப்பை 'ரெஃபரன்சஸ்' என்றே வையுங்கள். இதற்கு ஏ.பி.ஏ. விதியைத் தாண்டிய காரணமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆய்வேட்டின் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி, 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டு சமர்ப்பிக்க முடியாது. 60க்கு மேல் என்றால் பதிவே ரத்தாகும். முதுகலை மாணவர்களுக்கும் இது பொருந்தும். முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா. ஆனால் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் பட்டியலை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் தலைப்பை வைத்துத்தான். நூலறி பகுதி, பயன்பட்டவை என்றெல்லாம் புதுத்தலைப்பு வைத்தால் பட்டியல் முழுவதும் ஒப்புமைக் கணக்கில் ஏறிவிடக்கூடும், அதைக் கையால் நீக்கச் சொல்லி நீங்கள் நூலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஆறு வாரத்தில் இதை எப்படி முடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதல் வாரத்தில் புதிதாக எதுவும் எழுதாதீர்கள். எல்லாச் சான்றுகளையும் சோடெரோவில் பதியுங்கள், அது இலவசம். இயல் வரிசையில் பதியாமல் வகை வரிசையில் பதியுங்கள்: நூல்கள் எல்லாம் ஒரு மூச்சில், பிறகு ஆய்விதழ்க் கட்டுரைகள், பிறகு அரசு ஆவணங்கள், கடைசியில் நாளிதழ்ச் செய்திகள். ஒரு வகையின் விதி மனத்தில் நிற்கும்போதே அந்த வகை முழுவதையும் முடித்தால் பிழை குறையும். முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேர்டு மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் மேற்கோள் வசதியை நம்பாதீர்கள்; பல கணினிகளில் அது இன்னும் ஆறாம் பதிப்பிலேயே நிற்கிறது, பதிப்பகத்தின் ஊரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். மூத்த மாணவர்களின் ஆய்வேட்டிலிருந்து பதிவுகளை வெட்டி ஒட்டுவதும் அதே பழைய பதிப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

பிறகு, எழுதி முடித்த இயல்களில் தேடல் கட்டத்தைத் திறந்து 19 என்றும் 20 என்றும் இட்டுத் தேடுங்கள். ஆசிரியர்-ஆண்டு முறையின் பெரிய வசதி இதுதான்: மேற்கோள்கள் தம் ஆண்டோடு நிற்பதால் பெரும்பாலும் எதுவும் தப்பாது. ஒவ்வொன்றாக நின்று, அந்தப் பெயரும் ஆண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முடிந்ததும் எதிர்த்திசையில் வாருங்கள்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஆய்வேட்டில் எங்கேனும் வந்திருக்கிறதா? படித்தீர்கள் ஆனால் மேற்கோள் காட்டவில்லை என்றால் ஏ.பி.ஏ. பட்டியலில் அதற்கு இடமில்லை, எடுத்துவிடுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் மதிப்பெண் கூடும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்பது, பட்டியலில் இருந்து இயலில் காணாமற்போன அந்த நூலைப் பற்றியதாகவே இருக்கலாம். இந்த இருவழிச் சரிபார்ப்பை மென்பொருளிடம் விட்டுவிடாமல் நீங்களே செய்யுங்கள், முடிந்தால் ஒரு தோழி பட்டியலை வாசிக்க நீங்கள் இயலில் பார்த்துச் செய்யுங்கள்.

முறையியல் இயலின் முடிவில், இந்த ஆய்வேடு ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பைப் பின்பற்றுகிறது, தமிழ்த் தலைப்புகள் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறைப்படி ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன, இந்தியச் சட்டங்கள் பெயராலும் எண்ணாலும் குறிக்கப்பட்டுள்ளன என்று சில வரிகள் சேருங்கள். பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். ஆறாம் பதிப்பில் பழகிய தேர்வாளர் ஒருவர் ஊர்ப்பெயர் எங்கே என்று கேட்டால், அந்த வரிகளே உங்களுக்காகப் பேசும்.

உங்கள் பெயரைப் பற்றிய கேள்வி கடைசியாக வருகிறது. உங்கள் மதிப்பெண் பட்டியலில் எழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ்ப் பக்கத்தில் அது எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும், அதில் மாற்றம் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த ஆய்விலிருந்து கட்டுரை எழுதி வெளியிடும்போது எழுத்தை முன்னால் வைத்து எழுதுங்கள், அல்லது தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ விரித்து முன்னால் எழுதி உங்கள் பெயரைக் கடைசியில் வையுங்கள். முதல் கட்டுரையில் எடுக்கும் வடிவத்தையே எல்லாக் கட்டுரைகளிலும் வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பிறகு எழுத்து மாறினாலும் ஆய்வுலகில் மாற்ற வேண்டாம். ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தரப்படும் ஆர்கிட் அடையாள எண் ஒன்றையும் இப்போதே பெற்றுவிடுங்கள். அதில் உங்கள் பெயர் எப்படியெல்லாம் அச்சாகக்கூடும் என்ற மாற்று வடிவங்களையும் சேர்த்துப் பதிய இடம் இருக்கிறது.